தமிழ்க் கனவுருப்புனைவு, அறிபுனைப் புதினங்களின் விற்பனை

தமிழ்க் கனவுருப்புனைவு, அறிபுனைப் புதினங்களின் விற்பனை தமிழ்ப் பதிப்புத்துறையில் காணப்படும் ஒரு முரணைச் சுட்டும் தலைப்பு ஆகும். திறனாய்வாளர்களின் பாராட்டைப் பெற்ற இவ்வகைப் புதினங்கள் பலவற்றுக்கு முதற்பதிப்பின் ஆயிரம் படிகள் விற்றுத் தீரவே ஆண்டுகள் பல ஆகின்றன. ஆனால் பூதம், சித்தர், மாயம், எந்திர மனிதன் ஆகியவற்றைக் கருவாகக் கொண்ட கதைகள் நாட்டார் கலைகளிலும், வார இதழ்களிலும், திரைப்படத்திலும், தொலைக்காட்சியிலும் பெருந்திரளான மக்களை ஈர்த்துள்ளன. ஆகவே, தமிழர் கற்பனைக் கதைகளை விரும்புவதில்லை என்னும் பொதுவான விளக்கம் இம்முரணுக்குப் பொருந்துவதில்லை. கதையின் தன்மையைக் காட்டிலும் அது வாசகரை வந்தடையும் வழியே விற்பனையைப் பெரிதும் தீர்மானிக்கின்றது எனலாம்.

சேலம், நாமக்கல் சமவெளி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஆகும். கொல்லிப்பாவைத் தொன்மம், உடுக்கடிக் கதை, மாடர்ன் தியேட்டர்சு படப்பிடிப்பு நிலையம், சேலத்தில் பிறந்த இந்திரா சௌந்தர்ராஜனின் மர்மத் தொடர்கள், திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகனின் பூனாச்சி எனக் கற்பனைக் கதையின் பல வழிகளை இவ்வொரு நிலப்பரப்பிலேயே காண முடிகின்றது.

சொல் விளக்கம்

மாயம், தெய்வ ஆற்றல், கற்பனை உலகம் ஆகியவற்றை உண்மை போலக் கொண்டு இயங்கும் கதை கனவுருப்புனைவு எனப்படும். மிகுபுனைவு என்றும் இதனைக் குறிப்பதுண்டு. அறிவியல் கருத்து ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, நிகழ்ந்திராத ஒன்றைக் கற்பனை செய்யும் கதை அறிவியல் புனைகதை அல்லது அறிபுனை எனப்படும்.

இவ்விரு சொற்களும் கட்டுரைகளில் வழங்கினாலும் புத்தகக் கடைகளில் பெரிதும் வழங்குவதில்லை. தமிழ் நூல்களைக் கடைக்காரர் நாவல், சிறுகதை, கவிதை, வரலாறு, ஆன்மிகம், சோதிடம், சமையல் என்றே அடுக்குகின்றனர். எழுத்தாளர் பெயரையோ பதிப்பகத்தின் பெயரையோ கொண்டு அடுக்குவதும் உண்டு. கனவுருப்புனைவுக்கென்றோ அறிபுனைக்கென்றோ தனி அடுக்கு இருப்பது அரிது.

உலக இலக்கியத்தில்

பாராட்டுக்கும் விற்பனைக்கும் இடையே இவ்வாறு இடைவெளி ஏற்படுவது தமிழுக்கு மட்டும் உரியதன்று.

தாவீது லிண்ட்சே எழுதிய எ வாயேச் டு ஆர்க்டூரசு என்னும் ஆங்கிலப் புதினம் 1920இல் வெளிவந்தது. அச்சிடப்பட்ட 1,430 படிகளில் 596 மட்டுமே விற்றன. பிற்காலத்தில் சி. எசு. லூயிசு தம் விண்வெளிப் புதினங்களுக்குத் தூண்டுதலாக அமைந்த நூல் இதுவெனக் குறிப்பிட்டார். 1926இல் வெளிவந்த ஓப் மிர்லீசின் லட் இன் த மிசுட்டு நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. 1970இல் அமெரிக்காவில் அது மறுபதிப்பானபோது நூலாசிரியர் உயிருடன் இருந்தும் அவருடைய இசைவு பெறப்படவில்லை.

பிராங்கு எர்பெர்ட்டின் டியூன் புதினத்தை இருபதுக்கு மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்தன. தானுந்துப் பழுதுபார்ப்புக் கையேடுகளை வெளியிட்டு வந்த சில்டன் நிறுவனம் 1965இல் அதனை வெளியிட்டது. நெபுலா, யூகோ ஆகிய இரு விருதுகளையும் பெற்ற அந்நூலின் தொடக்ககால விற்பனை மந்தமாகவே இருந்தது. டோல்கீனின் த லார்டு ஆவ் த ரிங்சு புதினத்தின் முதற் பாகம் 1954இல் வெளிவந்தபோது ஏறத்தாழ 3,000 படிகளே அச்சிடப்பட்டன. 1965இல் அமெரிக்காவில் மலிவான காகித அட்டைப் பதிப்புகள் வந்த பின்னரே அது மாணவர்களிடையே பெருமளவில் பரவியது.

பின்னிரண்டு நூல்களும் பிழைத்தமைக்குக் காரணம் அவற்றின் கதை மாறியதன்று. குறைந்த விலைப் பதிப்பும், பரந்த வழங்கல் வலையும், நூலைக் கைவிடாத பதிப்பாளரும் வாய்த்தமையே ஆகும். முன்னிரண்டுக்கும் அவை உரிய காலத்தில் வாய்க்கவில்லை.

தமிழில் வியப்புக் கதை மரபு

தமிழில் மாயக் கதைகள் நெடுங்காலமாக விற்பனைப் பொருளாக இருந்து வந்துள்ளன. விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராசன் கதை முதலியவை "பெரிய எழுத்து" நூல்களாக அச்சிடப்பட்டன. சென்னை பி. இரத்தின நாயகர் அண்ட் சன்சு இத்தகைய நூல்களை வெளியிட்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர். எழுத்துக்கூட்டிப் படிப்போரும் வாசிக்கும் வண்ணம் பெரிய எழுத்தில் அமைந்த இந்நூல்கள் புத்தகக் கடைகளில் மட்டுமன்றித் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் விற்கப்பட்டன. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது வழக்கமாக இருந்தது.

1947 சூலையில் தொடங்கப்பட்ட அம்புலிமாமா சிறுவர் இதழ் விக்கிரமாதித்தன், வேதாளம் கதைகளைப் பல தலைமுறைகளுக்குக் கொண்டு சென்றது. இவ்விதழ் இப்பொழுது வெளிவருவதில்லை. சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்த முத்து காமிக்சும், 1984 முதல் வெளிவந்த லயன் காமிக்சும் அயல்நாட்டுச் சாகசக் கதைகளையும் அறிபுனைக் கதைகளையும் சிற்றூர்ப் பெட்டிக்கடைகள் வரை கொண்டு சேர்த்தன.

அறிபுனையில் மிகுந்த புகழ் பெற்றது சுசாதாவின் என் இனிய இயந்திரா ஆகும். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த இக்கதை 2021ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்தது. ஜீனோ என்னும் எந்திர நாய் இதன் முதன்மைப் பாத்திரங்களுள் ஒன்று. தூரதர்சனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்த இக்கதைக்கு மீண்டும் ஜீனோ என்னும் தொடர்ச்சியும் எழுதப்பட்டது. இப்புதினத்தை வாங்குவதற்காக வாசகர் எவரும் அறிபுனை அடுக்கைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கவில்லை. வாரந்தோறும் வீட்டுக்கு வந்த இதழிலேயே அது இருந்தது.

சேலம், நாமக்கல் பகுதியில்

பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தருமபுரி மாவட்டமும், 1997இல் நாமக்கல் மாவட்டமும் பிரிக்கப்பட்டன.

தொன்மமும் நாட்டார் கதையும்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையோடு தொடர்புடைய கொல்லிப்பாவை சங்க இலக்கியத்தில் பல இடங்களில் குறிப்பிடப்படுகின்றது. காண்போரை மயக்கும் அழகுடைய இப்பாவை தெய்வத்தாலோ பூதத்தாலோ ஆக்கப்பட்டது என்பது தொன்மம். நகைத்து, அருகில் வருவோரைக் கொல்லும் இயங்கும் பாவை என்று பிற்கால வழக்கு விவரிக்கின்றது. தானே இயங்கும் உருவம் என்னும் கற்பனை இப்பகுதிக்குப் புதியதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

கொங்குப் பகுதியில் வழங்கும் அண்ணன்மார் கதை, பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தோரின் கதை ஆகும். தெய்வ வரம், மறுபிறப்பு, இறந்தோர் உயிர்த்தெழுதல் முதலிய நிகழ்ச்சிகள் நிறைந்த இக்கதை உடுக்கை ஒலியுடன் பல இரவுகள் தொடர்ந்து பாடப்படுவது. கேட்போர் இதற்கென நூல் வாங்குவதில்லை. கதைப்பாடகருக்கும் கோயிலுக்கும் ஊரார் தரும் காணிக்கையே கதைக்கான செலவு ஆகும். மு. கருணாநிதி பொன்னர் சங்கர் என்னும் பெயரில் இதனைப் புதினமாக எழுதினார். அது 2011இல் திரைப்படமாக வெளிவந்தது.

மாடர்ன் தியேட்டர்சு

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்சு நிறுவனத்தைத் தொடங்கினார். ஏற்காடு சாலையில் அமைந்த இந்நிலையம் நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. அவற்றுள் கற்பனைக் கதை சார்ந்தவை சில:

ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி (1947): வாய்மொழியாகவும் மலிவு நூலாகவும் வழங்கிய கதையை அடிப்படையாகக் கொண்டது.
காடு (1952): அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் இணைந்து த சங்கிள் என்னும் பெயரில் ஆங்கிலத்திலும் எடுக்கப்பட்டது. அழிந்துபோன கம்பளி யானைகள் இந்தியக் காட்டில் தோன்றுவதாக அமைந்த கதை. தமிழ்நாட்டில் உருவான தொடக்ககால அறிபுனைப் படங்களுள் ஒன்று.
அலிபாபாவும் 40 திருடர்களும் (1956): அரபு இரவுக் கதைகளைச் சார்ந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம்.

இப்படங்களைக் காண எழுத்தறிவும் தேவைப்படவில்லை, நூலின் விலையும் தேவைப்படவில்லை. டூரிங் டாக்கீசு எனப்பட்ட கீற்றுக் கொட்டகைகளில் குறைந்த கட்டணத்தில் படம் பார்க்க முடிந்தது. மாயக் கதைக்கான விருப்பத்தைப் புத்தகக் கடைக்கு முன்பே திரையரங்கு நிறைவேற்றிவிட்டது.

மலைக்கள்ளன்

மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972) எழுதிய மலைக்கள்ளன் கனவுருப்புனைவு அன்று, சாகசப் புதினம் ஆகும். எனினும் ஒப்பீட்டுக்கு உதவுவது. கோவை பட்சிராசா நிறுவனம் 1954இல் இதனை ம. கோ. இராமச்சந்திரன் நடிக்கத் திரைப்படமாக்கியது. அப்படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1955இல் ஆசாத் என்னும் பெயரில் இந்தியிலும் எடுக்கப்பட்டது. இன்று மலைக்கள்ளன் என்றதும் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது திரைப்படமே. நூலை எழுதியவர் நாமக்கல் கவிஞர் என்பதைப் படத்தை அறிந்தோரும் அறியாதிருத்தல் உண்டு. பிற ஊடகத்தில் கிடைக்கும் புகழ் நூலுக்குத் தானாகத் திரும்பி வருவதில்லை என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இந்திரா சௌந்தர்ராஜன்

சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன் (1958–2024) சித்தர்கள், மலைக்கோயில்கள், காவல் தெய்வங்கள், மறுபிறவி ஆகியவற்றை மர்மக் கதையோடு இணைத்து எழுதியவர். இவருடைய கதைகள் வார இதழ்களில் தொடர்களாகவும் மாத நாவல்களாகவும் வெளிவந்தன. 1990களின் பிற்பகுதியில் மர்மதேசம் என்னும் பொதுப்பெயரில் ரகசியம், விடாது கருப்பு முதலிய தொடர்களாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. கே. பாலச்சந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, நாகா இயக்கிய இத்தொடர்கள் மிகுந்த வரவேற்பைப் பெற்றன.

வகையால் இவை கனவுருப்புனைவுக்கு மிக நெருங்கியவை. ஆனால் அப்பெயரில் விற்கப்பட்டவை அல்ல. "மர்ம நாவல்", "அமானுட நாவல்", "ஆன்மிகத் தொடர்" என்னும் பெயர்களிலேயே வாசகர் இவற்றை அறிந்தனர். பேருந்து நிலையக் கடையில் ஒரு தேநீரும் வடையும் வாங்கும் அளவு விலையில் கிடைத்த மாத நாவலை வாங்கப் பயணிகள் நெடிது எண்ண வேண்டியிருக்கவில்லை. இலக்கியத் திறனாய்வு இவ்வகை எழுத்தைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. திறனாய்வு பாராட்டிய நூல்களோ இக்கடைகளை வந்தடையவில்லை. தமிழில் விற்பனையும் பாராட்டும் வெவ்வேறு வழிகளில் சென்றமைக்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

பூனாச்சி

திருச்செங்கோட்டுக்கு அருகே 1966இல் பிறந்த பெருமாள்முருகன் எழுதிய பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை 2016இல் காலச்சுவடு பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. பேருருவம் கொண்ட ஒருவன் முதியவர் ஒருவரிடம் கொடுத்துச் செல்லும் சின்னஞ்சிறு கருநிறக் குட்டியே இதன் தலைமைப் பாத்திரம். ஆடுகள் பேசும், எண்ணும். ஆட்டுக்குட்டிகளுக்குக் காது குத்தி அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்னும் சட்டம் நிலவும் நாட்டில் கதை நிகழ்கின்றது. வறண்ட மேட்டுக்காட்டு வேளாண்மையும் ஆடு வளர்ப்பும் நுணுக்கமாகச் சித்திரிக்கப்பட்டுள்ளன.

ந. கல்யாணராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் வெளிவந்து, அவ்வாண்டின் ஜேசிபி இலக்கியப் பரிசுக்கான குறும்பட்டியலில் இடம்பெற்றது. கனவுருப்புனைவுக் கூறுகள் நிறைந்திருந்தும் இந்நூல் பரவலான வாசகர்களைப் பெற்றது. மாதொருபாகன் (2010) புதினத்துக்கு 2014 இறுதியில் எழுந்த எதிர்ப்பு, ஆசிரியர் எழுத்தைக் கைவிடுவதாக 2015 சனவரியில் அறிவித்தமை, 2016 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஆகியவற்றால் ஆசிரியர் பெயர் உலகெங்கும் அறியப்பட்டிருந்தது. நூல் எவ்வகையைச் சேர்ந்தது என்று வாசகர் கேட்கவில்லை. யார் எழுதியது என்பதே வாங்குவதற்குப் போதுமானதாக இருந்தது.

பாராட்டுப் பெற்ற பிற புதினங்கள்

தமிழவனின் ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள் (1985) தமிழின் முதல் மாய யதார்த்தப் புதினமாகக் கருதப்படுகின்றது. திறனாய்வு வட்டத்தில் பெரிதும் பேசப்பட்ட இந்நூல் பொதுவாசகரிடையே பரவலாக அறியப்படவில்லை.

1990களில் தருமபுரியில் தொலைபேசித் துறையில் பணியாற்றிய செயமோகனின் விட்ணுபுரம் 1997இல் வெளிவந்தது. சோனா ஆற்றங்கரையில் உள்ள கற்பனைக் கோயில் நகரம் ஒன்றின் தோற்றத்தையும் அழிவையும் மூன்று பாகங்களில் கூறும் பெரும்புதினம் இது. தத்துவ விவாதங்கள் நிறைந்த இந்நூலின் பருமனும் நடையும் பரவலான வாசிப்புக்குத் தடை என்று தொடக்கத்தில் கருதப்பட்டது. எனினும் நாளடைவில் பல பதிப்புகள் கண்டது. இந்நூலின் பெயரால் அமைந்த வாசகர் வட்டம் 2010 முதல் எழுத்தாளர்களுக்கு விருது வழங்கி வருகின்றது. விளம்பரத்தைக் காட்டிலும் வாசகர் குழுவே ஒரு கடினமான நூலை நிலைநிறுத்த முடியும் என்பதை இது காட்டுகின்றது. இவ்வாசிரியரின் விசும்பு, அறிவியல் சிறுகதைகளின் தொகுப்பு ஆகும்.

க. சுதாகரின் 6174 (2012) கணிதத்தையும் குமரிக்கண்டத் தொன்மத்தையும் இணைக்கும் அறிபுனைப் புதினம். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத நான்கு இலக்க எண் ஒன்றின் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்து, அதனையே திரும்பத் திரும்பச் செய்தால் 6174 கிடைக்கும். இதனைக் கண்டறிந்தவர் இந்தியக் கணித ஆசிரியர் கப்ரேக்கர். இதுபோன்ற கதைகளுக்கு ஆர்வமுள்ள மாணவ வாசகர்கள் உள்ளனர். ஆனால் அவர்கள் புழங்கும் இடங்களில் இத்தகைய நூல்கள் எளிதில் கிடைப்பதில்லை.

குறைந்த விற்பனைக்கான காரணங்கள்

வெளியீட்டு வழி

தமிழில் பெருவாரியாக விற்ற புதினங்கள் பெரும்பாலும் தொடர்கதைகளாக வந்தவை. கல்கியின் பொன்னியின் செல்வன் (1950–1954) இதற்குச் சிறந்த சான்று. தொடராக வரும்போது கதைக்கு ஆயிரக்கணக்கான வாசகர்கள் முன்கூட்டியே உருவாகிவிடுகின்றனர். இலக்கியத் தரம் கருதிப் பாராட்டப்படும் கனவுருப்புனைவுகள் நேரடியாக நூலாக வருகின்றன. அவற்றுக்கு முதல் வாசகரை முதலிலிருந்து தேட வேண்டியுள்ளது.

அச்சுப் படிகளும் நூலக ஆணையும்

இலக்கிய நூல்களின் முதற்பதிப்பு நெடுங்காலம் 1,000 முதல் 1,200 படிகள் வரை அச்சிடப்பட்டது. தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியுடன் நூலக வரி தண்டப்பட்டு நூலகங்கள் நடத்தப்படுகின்றன. இந்நூலகங்களுக்காக அரசு மொத்தமாக நூல் வாங்குவது நூலக ஆணை எனப்படும். முதற்பதிப்பின் பெரும்பகுதியை இவ்வாணையே எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆணை கிடைத்தால் பதிப்பாளரின் முதலீடு மீளும், கிடைக்காவிட்டால் நூல் கிடங்கில் தங்கும். இந்நிலையில் விற்பனை எண்ணிக்கை வாசகரின் விருப்பத்தைக் காட்டுவதை விட நூல் தேர்வின் போக்கையே காட்டுகின்றது.

கடைகளின் தொலைவு

இலக்கியப் பதிப்பகங்களின் கடைகள் சென்னை முதலிய பெருநகரங்களிலேயே மிகுதி. ராசிபுரத்திலோ பரமத்தி வேலூரிலோ வாழும் மாணவர் ஒருவர்க்குப் பாடநூலும் போட்டித் தேர்வுக் கையேடும் விற்கும் கடையே அண்மையில் உள்ளது. சிறு பதிப்பகத்தின் புதினத்தை அக்கடைக்காரர் வாங்கி வைத்தால், அது விற்கும் வரை அவருடைய பணம் முடங்கும். ஆகவே கேட்டால் தருவித்துத் தருவதே வழக்கம். ஆனால் ஒரு நூல் இருப்பதையே அறியாதவர் அதனைக் கேட்க இயலாது.

வகைப் பெயர் இன்மை

ஆங்கிலத்தில் ஓர் அறிபுனை நூலை விரும்பியவர் அதே அடுக்கில் அடுத்த நூலைக் காண்கின்றார். தமிழில் என் இனிய இயந்திராவைப் படித்து முடித்தவர் சுசாதாவின் அடுத்த நூலைத் தேடுகின்றாரே தவிர, வேறோர் ஆசிரியரின் அறிபுனையைத் தேடுவதில்லை. ஒரு நூலின் வெற்றி அந்த ஆசிரியரோடு நின்றுவிடுகின்றது. அவ்வகை எழுத்துக்குப் பரவுவதில்லை.

சிறுவர்க்குரியது என்னும் எண்ணம்

மாயக் கதையைச் சிறுவயதில் அம்புலிமாமாவில் படித்தவர், வளர்ந்தபின் அதனைக் கடந்துவிட்டதாகக் கருதுவதுண்டு. மறுபுறம், பாராட்டுப் பெறும் புதினங்களின் செறிந்த நடையும் சிக்கலான கூறுமுறையும் இளம் வாசகர்க்குக் கடினமாக உள்ளன. இடைப்பட்ட வயதினர்க்கான நூல்கள் குறைவு. ஆகவே வாசகர் படிப்படியாக முன்னேறும் ஏணியில் இடைப்படிகள் இல்லை.

மொழிப் பிரிவு

அறிபுனையில் ஆர்வம் கொள்ளக்கூடிய மாணவரில் கணிசமானோர் ஆங்கில வழியில் கற்கின்றனர். அறிவியலை ஆங்கிலத்தில் படித்தவர் அறிபுனையையும் ஆங்கிலத்திலேயே நாடுகின்றார். தமிழில் எழுதுவோர்க்கு அறிவியல் கலைச்சொற்களைக் கையாள்வதும் ஓர் அறைகூவல் ஆகும். புதிய கலைச்சொல் வாசகரை நிறுத்துகின்றது, ஒலிபெயர்ப்புச் சொல் நடையைச் சிதைக்கின்றது.

விற்பனையும் வாசிப்பும்

விற்பனை எண்ணிக்கை வாசிப்பின் அளவை முழுமையாகக் காட்டுவதில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் வாடகை நூலகங்கள் பல இயங்கின. நாள் வாடகைக்கு நூல் தரும் இவற்றில் ஒரே படி நூற்றுக்கணக்கானோர் கைகளுக்குச் செல்ல முடிந்தது. வார இதழ்களில் வந்த தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்துச் சேர்த்து, "பைண்டு" செய்து வைத்துக்கொள்வதும் பல இல்லங்களில் வழக்கமாக இருந்தது. அவ்வாறு கட்டப்பட்ட தொகுதி உறவினர், அண்டை வீட்டார் எனப் பலரிடம் சென்று வரும். இவ்வாசிப்பு எதுவும் விற்பனைக் கணக்கில் சேர்வதில்லை. ஆசிரியர்க்கு இதனால் உரிமைத்தொகையும் கிடைப்பதில்லை.

ஆகவே "குறைவாக விற்றது" என்பதும் "குறைவாக வாசிக்கப்பட்டது" என்பதும் ஒன்றல்ல. எனினும், இவ்வழிகளால் பெரிதும் பயனடைந்தவை தொடர்கதைகளும் மாத நாவல்களுமே. வாடகை நூலகம் விரைவாகச் சுற்றும் நூலையே வாங்கும். மெதுவாகப் படிக்க வேண்டிய பெரும்புதினம் அதற்கு இழப்பாகவே அமையும்.

விளைவுகள்

குறைந்த விற்பனையின் முதன்மையான விளைவு நூல் கிடைக்காமற் போவதாகும். முதற்பதிப்பு தீர்ந்த பின் மறுபதிப்பு வராத நூல், பழைய புத்தகக் கடைகளிலும் சில நூலகங்களிலும் மட்டுமே எஞ்சுகின்றது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கின்றது. இடைக்காலத்தில் உரிமையாளரும் பதிப்பாளரும் அக்கறை காட்டாவிட்டால், பொதுவுரிமைக்கு வருமுன்னரே நூலின் படிகள் அழிந்துவிடக்கூடும். நாமக்கல் கவிஞரைப் போன்று நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவர்க்கு இவ்விடர் குறைவு.

இரண்டாவது விளைவு மரபு தொடராமை ஆகும். முன்னோர் எழுதியது கையில் கிடைக்காத நிலையில், புதிதாக எழுத வருவோர் ஒவ்வொருவரும் முதன்முதலில் எழுதுபவர் போன்றே தொடங்க நேர்கின்றது. அறிபுனையில் ஒருவர் உருவாக்கிய கலைச்சொல்லும் கற்பனையும் அடுத்தவர்க்கு அடித்தளமாவதில்லை.

அண்மைக்கால மாற்றங்கள்

2000களுக்குப் பின் வழங்கல் முறையில் சில மாற்றங்கள் ஏற்பட்டுள்ளன.

புத்தகக் கண்காட்சிகள்: 2005 முதல் நடைபெற்று வரும் ஈரோடு புத்தகத் திருவிழா, காவிரிக்கு இக்கரையில் உள்ள பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு வாசகர்க்கும் அண்மையில் உள்ளது. 2022 முதல் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்தத் தொடங்கியது. சேலத்தில் அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்றது. சிறு பதிப்பகங்களின் நூல்களை வாசகர் நேரில் புரட்டிப் பார்க்க இவை வாய்ப்பளிக்கின்றன.
தேவைக்கேற்ற அச்சு: சில பத்துப் படிகளை மட்டும் அச்சிடும் முறை பரவியுள்ளது. முதலீடு முடங்குவதில்லை, நூலும் அச்சில் இல்லாமற் போவதில்லை. ஆனால் ஒரு படிக்கான அடக்கவிலை கூடுதலாகின்றது.
மின்னூல்: 2016 திசம்பரில் கிண்டில் தளம் தமிழ் மின்னூல்களை விற்கத் தொடங்கியது. மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய நூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது.
இணைய இதழ்கள்: அரூ இணைய இதழ் 2019இல் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியது. செயமோகனின் வெண்முரசு 2014 முதல் 2020 வரை நாள்தோறும் இணையத்தில் கட்டணமின்றி வெளியிடப்பட்டு 26 புதினங்களாக நிறைவுற்றது. தொடர்கதை வழி இணையத்தில் மீண்டும் திறந்துகொண்டமைக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

2022இல் பொன்னியின் செல்வன் திரைப்படம் வெளிவந்தபோது அப்புதினத்தின் விற்பனையும் உயர்ந்தது. மலைக்கள்ளனைப் போலன்றித் திரைப்புகழ் நூலுக்குத் திரும்பிய நிகழ்வு இது. அப்போது பல பதிப்பகங்களின் மலிவுப் பதிப்புகள் கடைகளில் ஆயத்தமாக இருந்தமை இதற்கு முக்கியமான காரணம்.

மாற்றுக் கருத்துகள்

வழங்கல் குறையே முதன்மைக் காரணம் என்பதை அனைவரும் ஏற்பதில்லை. தமிழ்த் திறனாய்வு நெடுங்காலமாக இயல்புவாத எழுத்தையே உயர்வாகக் கருதி வந்ததால், கற்பனை வகைகளில் எழுத முனைந்தோர் குறைந்தனர் என்பது ஒரு கருத்து. பாராட்டப்படும் நூல்கள் கதைச்சுவையைப் புறக்கணித்ததால் வாசகரை இழந்தன என்பது மற்றொன்று. வணிக எழுத்து வாசகரின் பொறுமையைக் குறைத்துவிட்டது என்று கூறுவோரும் உளர்.

இக்கருத்துகள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும் தத்துவ விவாதங்கள் நிறைந்த விட்ணுபுரம் வாசகர் குழுவின் துணையால் பல பதிப்புகள் கண்டதும், பேசும் ஆடுகளைக் கொண்ட பூனாச்சி பரவலாக வாசிக்கப்பட்டதும், நூலின் கடினமோ கற்பனையோ மட்டும் விற்பனையைத் தடுப்பதில்லை என்பதைக் காட்டுகின்றன. உடுக்கடிக் கதைப்பாடகர் கதையை ஊர் நடுவே கொண்டு வந்தார். மாடர்ன் தியேட்டர்சு படங்கள் கீற்றுக் கொட்டகைக்கு வந்தன. மாத நாவல் பேருந்து நிலையத்துக்கு வந்தது. பாராட்டுப் பெற்ற புதினத்தை மட்டும் வாசகர் தாமே தேடிச் செல்ல வேண்டியிருந்தது.